சங்கத்தில் சேர்ந்தால் என்ன கிடைக்கும்? கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களின் கேள்வி

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கேமரன் மலை என்றால் எல்லோருக்கும் என்ன நினைவுக்கு வரும்? குளிர், ஸ்ட்ராபெரி, பள்ளி விடுமுறையில் சாலை நெரிசல், பச்சைக் கம்பளம் விரித்தது போன்ற தேயிலைத் தோட்டம். வண்டியை நிறுத்திப் படம் பிடிக்காமல் யாரும் இறங்குவதில்லை.

அந்தக் கம்பளம் தானாக விரிந்ததல்ல. தேயிலை உண்மையில் ஒரு மரம். அப்படியே விட்டால் வீட்டுக் கூரையைத் தாண்டி வளரும். மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருவர் சரிவில் நின்று அதை வெட்டிக் கவாத்து செய்கிறார். இன்னொருவர் கொழுந்து எடுக்கிறார். வேறொருவர் மருந்து தெளிக்கிறார். புயலில் சாய்ந்த நிழல் மரத்தை அறுக்க ஓர் ஆள் கயிற்றோடு ஏறுகிறார். அந்த மனிதர்களைப் பற்றியதுதான் இன்றைய தலைப்பு.

தலைப்பு எளிமையானது. சம்பள நாளில் சந்தா பிடித்துக் கொடுத்து ஒரு தொழிலாளி சங்கத்தில் சேருவதால் அவருக்கு என்ன பயன்? "சங்கம் என்ன கிழித்தது?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். "சங்கம் இல்லாவிட்டால் தோட்டத்தில் மனுசனாக நின்றிருக்க முடியுமா?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேர் பேச்சிலும் உண்மை இருக்கிறது. அதனால்தான் இதை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

பழைய கணக்கு

கேமரன் மலையில் தேயிலைப் பயிர் 1929-ஆம் ஆண்டு ஜே.ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தோட்டத்தோடு வணிக அளவில் காலூன்றியது. இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகிய ஏ.பி. மில்ன் அவருக்குத் துணையாக இருந்தார். 1933-இல் பாரத் நிறுவனம் வந்தது. காட்டை அழித்து, சரிவைத் திருத்தி, நாற்று நட்டு மலையைத் தோட்டமாக்கியதில் தமிழர் உழைப்பு பெரும் பங்கு.

அந்தக் காலத்தில் மலாயாவின் தோட்டத் தொழிலாளி யாரிடம் போய் முறையிடுவார்? கங்காணியிடம் சொன்னால் கிராணியிடம் போகும். கிராணி சொன்னால் துரையிடம் போகும். துரை முடிவெடுத்தால் அதுதான் சட்டம். கூலி கூடுவதும் குறைவதும் ரப்பர் விலையைப் பார்த்து நடந்தது.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர்.எச். நாதன் அதில் முன்னணியில் நின்றார். கோரிக்கைகள் என்ன தெரியுமா? கூலி உயர்வு ஒன்று. பிள்ளைகளுக்குக் கல்வி ஒன்று. கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பது ஒன்று. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் ஒன்று! சைக்கிளில் உட்கார்ந்தபடியே போகும் உரிமைக்காகவும் தொழிலாளிகள் போராடினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளிகள் உயிரிழந்தார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

போருக்குப் பிறகு சங்கங்கள் மீண்டும் எழுந்தன. 1948 ஜூனில் அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனம் தடை செய்யப்பட்டது. அதன் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி 1949 மே 4-ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முதல் நாள்தான் பி. வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். சங்கம் என்ற சொல்லையே வாய்விட்டுச் சொல்ல அஞ்சிய காலம் அது.

பல சிறு சங்கங்கள் ஒன்றிணைந்து 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி.பி. நாராயணன் அதன் பொதுச் செயலாளர். 1962-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. துரையோடு ஒரே மேசையில் உட்கார்ந்து கூலியைப் பேசி, எழுதிக் கையெழுத்து வாங்கும் முறை தோட்டத்துக்கு வந்தது. 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன், துண்டாடப்பட்டு விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளிகளே வாங்க வேண்டும் என்று தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்ச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. தனியாக ஒருவர் கையில் இருந்தால் ஒரு தீபாவளிச் செலவுக்குக் காணாத தொகை, சேர்ந்தபோது தோட்டத்தையே வாங்கியது.

"அதெல்லாம் தாத்தா காலத்துக் கதை. இன்றைக்கு என்ன?" என்று இளைஞர்கள் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். அவர்கள் சொல்லும் மறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"சட்டமே எல்லாம் கொடுக்கிறதே!"

முதல் மறுப்பு இது. குறைந்தபட்சச் சம்பளம் சட்டத்தில் இருக்கிறது. ஊழியர் சேம நிதி இருக்கிறது. சொக்சோ இருக்கிறது. பிறகு சந்தா எதற்கு?

குறைந்தபட்சச் சம்பளத்தை எடுத்துக் கொள்ளுங்கள். 2013 ஜனவரியில் தீபகற்ப மலேசியாவில் 900 வெள்ளி என்று நடைமுறைக்கு வந்தது. 2016-இல் 1,000 ஆனது. 2019-இல் 1,100. 2022 மே மாதம் 1,500. 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி. எடைக்கு, கூலிக்கணக்குக்கு வேலை செய்பவருக்கும் மாதம் இதற்குக் குறையக்கூடாது.

அந்த 900 வெள்ளி வானத்திலிருந்து விழுந்ததா? சட்டம் வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே மலேசியத் தொழிற்சங்க காங்கிரஸ் 900 வெள்ளி கேட்டுத் தெருவில் நின்று மறியல் செய்தது. அதற்கும் முன்னால், 1990-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தோட்டத் தொழிலாளர்கள் மாதச் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். மழை பெய்தால் வேலையில்லை, வேலையில்லை என்றால் கூலியில்லை என்ற வாழ்க்கையை மாற்றக் கேட்ட கோரிக்கை அது. சட்டம் கொடுக்கிறது என்று சொல்லும்போது, அந்தச் சட்டத்தைக் கேட்டு வாங்கியவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. தோட்டமோ மலையில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதர் வேண்டும்.

ஒரு கணக்குப் பார்க்கலாம். மாதம் 1,700 வெள்ளி வாங்கும் தொழிலாளியின் ஒருநாள் சம்பளத்தை 26-ஆல் வகுத்துக் கணக்கிட வேண்டும். 65 வெள்ளி 38 காசு வரும். எட்டு மணி நேரத்துக்குப் பிறகு செய்யும் வேலைக்கு மணிக்கு ஒன்றரை மடங்கு. அதாவது ஏறத்தாழ 12 வெள்ளி 26 காசு. 2023 ஜனவரி முதல் வாரத்துக்கு 48 மணி நேரமாக இருந்த வேலை 45 ஆகக் குறைந்திருக்கிறது. பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்திருக்கிறது. ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டு விடுமுறை 16 நாள்.

இந்தக் கணக்கெல்லாம் சம்பளச் சீட்டில் சரியாக இருக்கிறதா என்று எத்தனை பேர் பார்க்கிறார்கள்? கூடைக்கென்று எவ்வளவு கழித்தார்கள், ஈரக் கொழுந்துக்கென்று எவ்வளவு கழித்தார்கள் என்று தனியாகப் போய்க் கேட்டால், "நாளைக்கு வேறு சரிவுக்குப் போ" என்று பதில் வந்துவிடுமோ என்ற பயம் இருக்கும். அதையே தோட்டத் தலைவர் கேட்டால் அது சண்டையாகாது, பேச்சுவார்த்தை ஆகும். சட்டத்தை மலைமேல் ஏற்றிக் கொண்டு வருகிற வேலைதான் சங்கத்தின் முதல் வேலை.

"சேராதவனுக்கும் அதே சம்பளம்தானே!"

இது இரண்டாவது மறுப்பு. கொஞ்சம் கெட்டிக்காரத்தனமான மறுப்பு. 1967-ஆம் ஆண்டுத் தொழிலியல் உறவுச் சட்டத்தின்படி, பதிவு செய்யப்பட்ட கூட்டு ஒப்பந்தம் அந்த வேலையிடத்தில் அதன் கீழ் வரும் எல்லாத் தொழிலாளிகளுக்கும் பொருந்தும். சந்தா கட்டியவருக்கும் கட்டாதவருக்கும் ஒரே உயர்வு. அப்படியானால் கட்டுபவர் ஏமாளியா?

கோயில் திருவிழாவுக்கு வரி கொடுக்காதவர் பந்தியில் உட்காரலாம். யாரும் எழுப்பிவிட மாட்டார்கள். ஆனால் ஊரில் எல்லோரும் அப்படி நினைத்தால் பந்தியே இருக்காது.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. முதலாளி ஒரு சங்கத்தை ஏற்க மறுத்தால் இரகசிய வாக்கெடுப்பு நடக்கும். பெரும்பான்மை காட்டினால்தான் அந்தச் சங்கம் பேச்சுவார்த்தை மேசையில் உட்காரலாம். பெரும்பான்மை கிடைக்காவிட்டால் மேசையும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. அடுத்தவன் சேரட்டும் என்று காத்திருப்பவர்களுக்கும் அப்போது கிடைப்பது சட்டத்தின் அடிமட்டச் சம்பளம் மட்டுமே. இன்று மலேசியாவில் தொழிலாளிகளில் சுமார் 6 விழுக்காட்டினர்தான் சங்கங்களில் இருக்கிறார்கள். பந்தி சுருங்கிக் கொண்டே வருவதற்கு இதுதான் காரணம்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. ஒருவர் காரணமில்லாமல் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். 60 நாளுக்குள் தொழிலியல் உறவுத் துறையில் முறையிடலாம். சங்கத்தில் இல்லாதவருக்கும் அந்த உரிமை உண்டு. ஆனால் 61-ஆவது நாள் போனால் கதவு மூடிவிடும். அந்த 60 நாள் கணக்கை அவருக்கு யார் சொல்வது? மனுவை எழுதுவது யார்? மலையிலிருந்து இறங்கி விசாரணைக்குப் போகும்போது பக்கத்தில் உட்காருவது யார்? வக்கீல் வைக்க வசதி இல்லாதவருக்கு அந்த இடத்தில்தான் சந்தாவின் மதிப்பு தெரியும்.

தோட்டம் கைமாறி, ஆட்குறைப்பு நடந்தால்? 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் 20 நாள் சம்பளம் இழப்பீடு. இருபது ஆண்டு உழைத்தவருக்கு 400 நாள். மேலே சொன்ன நாள் சம்பளத்தில் ஏறத்தாழ 26,000 வெள்ளி. ஒரு பிள்ளையின் படிப்பு அதில் இருக்கிறது. இது தெரியாமல், "கொடுத்ததை வாங்கிக் கொள்" என்று நீட்டும் தாளில் கைநாட்டு வைத்தால் யாருக்கு நட்டம்?

"தலைவர்கள் மலைக்கு வருவதே இல்லையே!"

மூன்றாவது மறுப்புதான் கனமானது. இதற்குச் சாக்குச் சொல்லித் தப்பிக்கக் கூடாது.

கேரளத்து மூணாறில் நடந்ததைப் பாருங்கள். அங்கும் மலை, அங்கும் தேயிலை, அங்கும் கொழுந்து எடுப்பவர்கள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். பெரிய கட்சிகளின் தொழிற்சங்கங்கள் எல்லாம் அங்கே உண்டு. 2015 செப்டம்பரில் போனஸ் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டபோது, ஆயிரக்கணக்கான பெண்கள் சாலையில் இறங்கி உட்கார்ந்தார்கள். நிர்வாகத்தை எதிர்த்தது மட்டுமல்ல, தங்கள் சங்கத் தலைவர்களையும் பக்கத்தில் வரவிடாமல் விரட்டினார்கள். "எங்கள் சந்தாவில் வாழ்ந்து கொண்டு நிர்வாகத்தோடு கைகோத்தீர்களே" என்பதுதான் அவர்களுடைய குற்றச்சாட்டு. ஒன்பது நாளில் 20 விழுக்காடு என்று முடிவானது. 232 ரூபாயாக இருந்த நாள் கூலி அடுத்த மாதமே 301 ஆனது. 'பெண்பிள்ளை ஒருமை' என்று அந்த எழுச்சிக்குப் பெயர்.

"பார்த்தீர்களா, சங்கம் இல்லாமலே சாதித்தார்கள்" என்று சிலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. அந்தப் பெண்கள் சங்கம் வேண்டாம் என்று சொல்லவில்லை. தங்களைக் கேட்காத சங்கம் வேண்டாம் என்றார்கள். போராட்டம் முடிந்ததும் அவர்கள் செய்த வேலை என்ன? தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். பிறகு அதற்குள்ளேயே பிளவு வந்தபோது வலிமையும் குறைந்தது. கூடினால் என்ன நடக்கும், பிரிந்தால் என்ன நடக்கும் என்ற இரண்டு பாடமும் ஒரே மலையில் கிடைத்தன.

இலங்கை மலையகத்திலும் இதே பாடம் உண்டு. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி சுடப்பட்டு இறந்த காலத்திலிருந்து அங்கே சங்கங்கள் இருக்கின்றன. சங்கங்களின் எண்ணிக்கைக்குக் குறைவே இல்லை. ஆனாலும் நாள் சம்பளம் 1,000 ரூபாய் என்பது பல ஆண்டு இழுபறிக்குப் பின் 2021 மார்ச்சில்தான் வர்த்தமானியில் வந்தது.

மலேசியாவுக்கு இது இப்போது முக்கியம். 2024 செப்டம்பர் 15 முதல் ஒரே வேலையிடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இயங்கலாம் என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. பிடிக்காத சங்கத்தை விட்டு வேறு சங்கத்துக்குப் போகும் உரிமை நல்லதுதான். பழைய சங்கத்துக்கும் அது ஒரு எச்சரிக்கை. ஆனால் ஆளுக்கொரு கொடி பிடித்தால் பெரும்பான்மை யாருக்கும் இருக்காது.

மலையில் இப்போது யார்?

இன்றைய கேமரன் மலையில் பழைய லயத்துப் பிள்ளைகள் பலர் இல்லை. ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டார்கள். அது நல்லதுதான். படிக்க வைத்த பெற்றோர் அதற்காகத்தான் பாடுபட்டார்கள். கொழுந்து கிள்ளிய கைகளுக்குப் பதிலாகக் கத்தரியும், இருவர் பிடித்து நடக்கும் இயந்திரமும் வந்துவிட்டன. அதைப் பிடித்து நடப்பவர்களில் வங்காளதேசத்தவர், நேப்பாளி, இந்தோனேசியர் என்று பலர் உண்டு.

"அவர்கள் வந்ததால்தான் கூலி ஏறவில்லை" என்று ஒரு பேச்சு தோட்டத்தில் உண்டு. ஆனால் நூறாண்டுக்கு முன் தமிழர்களைப் பார்த்தும் இதே பேச்சைத்தான் பேசினார்கள். வெளிநாட்டுத் தொழிலாளியும் சங்கத்தில் உறுப்பினராகச் சேரலாம். 2019 முதல் அவர்களுக்கும் சொக்சோ உண்டு. 2025 அக்டோபர் முதல் சேம நிதியும் கட்டாயம். பயந்து கிடக்கும் தொழிலாளி ஒருவர் தோட்டத்தில் இருக்கும்வரை, அவரைக் காட்டியே மற்றவர்களின் கோரிக்கையும் தள்ளி வைக்கப்படும். அவரையும் சேர்த்துக் கொண்டால்தான் உள்ளூர்க்காரருக்கும் பாதுகாப்பு.

எஞ்சியிருக்கும் தமிழ்த் தொழிலாளிகளில் பலர் வயதானவர்கள். அவர்களுடைய பெரிய கவலை சம்பளம்கூட இல்லை. 60 வயதில் வேலை முடிந்தால் லயத்து வீடும் போய்விடுமே என்பதுதான். இரண்டு தலைமுறை வாழ்ந்த மலையில் சொந்தமாக ஒரு கூரை இல்லை. வேலையில் இருப்பவருக்கு வீடு எப்படி இருக்க வேண்டும் என்று 1990-ஆம் ஆண்டு வீட்டு வசதிச் சட்டம் சொல்கிறது. வேலை முடிந்தவருக்கு அது பதில் சொல்லாது. இதை ஒரு முதியவர் தனியாகப் போய்க் கேட்டால் பரிதாபப்படுவார்கள். சங்கம் ஒப்பந்தப் பேச்சில் வைத்தால், நிர்வாகமும் அரசாங்கமும் பதில் சொல்லியாக வேண்டும்.

சங்கம் மாற வேண்டியது எங்கே?

சேரச் சொல்லிவிட்டால் போதாது. சங்கத்திடமும் கேட்க வேண்டியவை உண்டு.

ஒன்று, கணக்கு. சந்தா எவ்வளவு வந்தது, எதில் செலவானது என்று ஆண்டுக்கொரு முறை தோட்டத்துக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். கேள்வி கேட்கும் பெண்ணை உட்காரச் சொல்லக் கூடாது.

இரண்டு, பாதுகாப்பு. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும், அதில் தொழிலாளிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்று 1994-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் அந்த இடத்தை விட்டு விலகும் உரிமையும் 2024 ஜூன் முதல் நடைமுறையில் உண்டு. மழையில் வழுக்கும் சரிவில் கவாத்து இயந்திரத்தோடு நிற்பவருக்கும், மரத்தில் ஏறி அறுப்பவருக்கும் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியது சங்கம்.

மூன்று, தொழில் திறமை. மரங்களை வெட்டிப் பராமரிப்பவர்களுக்கென்று மேலை நாடுகளில் தனிச் சங்கங்கள் உண்டு. 1924-இல் அமெரிக்காவில் தொடங்கிய அமைப்பு ஒன்று இன்று உலகளவில் தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுக்கிறது. எந்தக் கிளையை எங்கே வெட்டினால் மரம் பிழைக்கும் என்று தெரிந்தவருக்கு அங்கே மரியாதையும் கூலியும் வேறு. கேமரன் மலையில் இருபது ஆண்டு கவாத்து செய்தவருக்கும் அந்த அறிவு கையில் இருக்கிறது, காகிதத்தில்தான் இல்லை. மலேசியாவில் அனுபவத்தை வைத்தே திறன் சான்றிதழ் பெறும் ஏற்பாடு உண்டு. தோட்டத் தொழிலாளிக்கும் அந்த வழியைத் திறந்து விடச் சங்கம் முயல வேண்டும். அப்போது "கூலிக்காரன்" என்ற சொல் மாறித் "தொழில் தெரிந்தவர்" என்றாகும்.

ஆகவே, அவையோரே, சங்கத்தில் சேர்ந்தால் என்ன கிடைக்கும்? சேர்ந்த மறுநாளே சம்பளம் கூடாது. யாராவது அப்படிச் சொன்னால் நம்ப வேண்டாம். சந்தாவைக் கட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்து கொண்டால் ஒன்றுமே கிடைக்காது. கூட்டத்துக்குப் போய், கணக்குக் கேட்டு, வாக்குப் போட்டு, பக்கத்து வீட்டு வங்காளதேசத் தொழிலாளியையும் அழைத்துப் போனால், நிச்சயம் ஒன்று கிடைக்கும். சம்பளச் சீட்டோடு அலுவலகத்துக்குள் போகும்போது தனியாகப் போக வேண்டியிருக்காது.

1941-இல் சைக்கிளை விட்டு இறங்க மாட்டேன் என்றவர்களுக்கு அது தெரிந்திருந்தது. அடுத்த சம்பள நாளில் சந்தாப் படிவம் கைக்கு வரும்போது, தோட்டத்து மக்கள் அதை நினைத்துப் பார்த்தால் போதும்.